பிள்ளை பிறந்ததோடு இனிப்பு நீர் போய்விடுமா?



சென்ற ஆண்டு ஒரு நாள், காலைப் பிரட்டு முடிந்து ஆட்கள் எல்லாம் வேலைக் காட்டுக்குப் போன பிறகு, உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு பெண்மணி என் மருந்தறைக்கு வந்தார். வயது முப்பத்து நான்கு. கையில் நான்காக மடித்த ஒரு காகிதம். வயிற்று வலிக்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். காகிதத்தை என்னிடம் நீட்டியவர், கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"டிரெசரய்யா, நான் கள்ளையும் தொட்டதில்ல, பீரையும் தொட்டதில்ல. எனக்குப் போயி ஈரல்ல கொழுப்புன்னு எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருகிட்ட இத எப்படிங்கய்யா காட்டுறது?"

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சின்னப் பிள்ளையைச் சுமந்திருந்தபோது இனிப்பு நீர் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்களா?"

"ஆமாங்கய்யா. ஊசிகூட போட்டாங்க. பிள்ளை பொறந்ததும் போயிருச்சே!"

"அதற்குப் பிறகு சீனி சோதனை செய்தாயா அம்மா?"

"இல்லீங்க. பிள்ளைக்கு ஊசி போடத்தான் கிளினிக்குப் போனேன். எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்ததால் அங்கேயே விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன். கருவி 9.4 காட்டியது. மறுநாளே கிளினிக்குக்கு அனுப்பினேன். அவர்கள் முறையாகச் சோதித்து, இனிப்பு நீர்தான் என்று உறுதி செய்தார்கள்.

பிள்ளைக்கு அப்போது வயது ஐந்து. அந்த ஐந்து வருஷமும் அந்த அம்மா என் கண் முன்னால்தான் நடமாடினார். அவர் பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி வந்துவிட்டது என்று ஞாபகப்படுத்தியவன் நான். தாய்க்கும் ஒரு சோதனை உண்டு என்று ஞாபகப்படுத்தாதவனும் நான்தான். அந்த உறுத்தலோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். படிக்கும் நீங்கள் உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில் இதைச் சொல்லி வைத்தால் என் பாரம் கொஞ்சம் குறையும்.

கர்ப்ப காலத்தில் ஏன் வருகிறது?

நாம் உண்ணும் சோறு, ரொட்டி எல்லாம் வயிற்றில் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சீனியை உடம்பின் தசைகளுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின் என்னும் சுரப்பு. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு இதைச் சுரக்கிறது.

பெண் கர்ப்பமாக இருக்கும்போது நஞ்சுக்கொடியிலிருந்து வேறு சில சுரப்புகள் வருகின்றன. பிள்ளைக்குச் சீனி குறையாமல் கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்காக இந்தச் சுரப்புகள் தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. கணையம் இதை ஈடுகட்ட வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலின் சுரக்க வேண்டும். பெரும்பாலான பெண்களின் கணையம் இதைச் சமாளித்துவிடும். சிலருக்கு முடியாது. அவர்களுக்குத்தான் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. இதைக் கர்ப்பகால நீரிழிவு என்பார்கள்.

பனங்குலை ஏற்றிய லாரியை நினைத்துப் பாருங்கள். சமதரையில் எல்லா லாரியும் ஓடும். முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறும்போதுதான் எந்த எஞ்சின் திணறுகிறது என்று தெரியும். கர்ப்பம் அப்படிப்பட்ட ஒரு மேடு. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் லாரி சமதரைக்கு வந்துவிடுகிறது. சீனியும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ஆனால் எஞ்சின் பழைய எஞ்சின்தான். வயது ஏற, எடை ஏற, அடுத்த பிள்ளை வர, அது மறுபடியும் திணறும்.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளைச் சேர்ந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர இனிப்பு நீர் வரும் வாய்ப்பு, வராத பெண்களைவிட ஏறக்குறைய 10 மடங்கு என்று அது கண்டது. எல்லாருக்கும் வந்தே தீரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் நம்மவர்கள் இதை அலட்சியம் செய்ய முடியாது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 31 பேர்!

குடிக்காதவருக்கு ஈரலில் எப்படிக் கொழுப்பு?

ஈரல் கெட்டது என்றாலே நம் தோட்டங்களில் கள்ளும் சம்சுவும்தான் நினைவுக்கு வரும். மது ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு சொட்டு மதுவும் தொடாதவர்களுக்கும் ஈரலில் கொழுப்புச் சேரும். உடம்பு தேவைக்கு மேல் வாங்கிய சீனியை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில், வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பும் கரைந்து ஈரலுக்கே வந்து சேர்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அதைக் கொழுப்பு ஈரல் என்கிறார்கள்.

இந்த நோயைக் குடியோடு சேர்த்தே பேசுவது நோயாளிக்கு அவமானமாக இருக்கிறது என்பதாலும், நோயின் உண்மையான காரணம் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதாலும், ஈரல் நிபுணர்கள் 2023ல் இதன் ஆங்கிலப் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஆகவே தாய்மார்களே, அந்தக் காகிதத்தை ஒளிக்காதீர்கள். ஒளிக்க வேண்டிய குற்றம் எதுவும் அதில் இல்லை.

கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்தவர்களுக்கு இந்தக் கொழுப்பு ஈரலும் அதிகமாக வருகிறது. அமெரிக்காவில் சுமார் 1,100 பெண்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2016ல் வெளியான முடிவு இது: கர்ப்பத்தில் இனிப்பு நீர் வராத பெண்களில் 100க்கு 6 பேருக்கு ஈரலில் கொழுப்பு, வந்தவர்களில் 100க்கு 14 பேருக்கு.

இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும்

ஈரல் நம் உடம்பின் சீனிக் கிடங்கு. இரவில் நாம் சாப்பிடாமல் தூங்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியை இரத்தத்தில் விடும். "போதும், நிறுத்து" என்று கட்டளை இடுவது இன்சுலின். கொழுப்பு அடைத்த ஈரலுக்கு இந்தக் கட்டளை காதில் விழுவதில்லை. விடிய விடியச் சீனியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலியே, காலையில எப்படிச் சீனி ஏறுது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஏறிய சீனியால் ஈரலில் இன்னும் கொழுப்பு. அந்தக் கொழுப்பால் இன்னும் சீனி. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கணையம் களைத்துப் போகிறது.

கொழுப்பு ஈரல் பெரும்பாலும் வலிக்காது. சிலருக்கு மட்டும் களைப்பு இருக்கும், வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈரல் வீங்கி, தழும்பு விழுந்து, பல வருஷங்களில் சுருங்கிப் போகவும் கூடும். வெளியே தெரியும் ஓர் அடையாளம் சொல்கிறேன். சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணி போல் இருக்கும். அழுக்கு என்று நார் போட்டுத் தேய்ப்பார்கள், போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைப் பல நேரம் தோல் இப்படித்தான் காட்டிக் கொடுக்கிறது. அப்படி இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆறாம் வாரச் சோதனையை விடாதீர்கள்

கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருந்த ஒவ்வொரு தாயும் பிள்ளை பிறந்த ஆறாவது வாரத்தில் சீனித் தண்ணீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. காலையில் கிளினிக்கில் முதலில் ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர் தருவார்கள். இரண்டு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்து, மறுபடியும் இரத்தம். இடையில் பசியாறக்கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள்.

முடிவை இப்படிப் படிக்க வேண்டும் (எல்லாம் மில்லிமோல் கணக்கு):

வெறும் வயிற்றில் 6.1க்குக் கீழே, இரண்டு மணி நேரம் கழித்து 7.8க்குக் கீழே என்றால் இப்போதைக்கு நலம்.

வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை, அல்லது இரண்டு மணி நேரம் கழித்து 7.8 முதல் 11.0 வரை என்றால் வாசற்படியில் நிற்கிறீர்கள். இன்னும் திரும்பிப் போக வழி உண்டு.

வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், இல்லையேல் இரண்டு மணி நேரம் கழித்து 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் அது இனிப்பு நீரின் அளவு. மேற்கொண்டு செய்ய வேண்டியதை டாக்டர் சொல்வார்.

முதல் முடிவு வந்தவர்கள் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை சோதனை வேண்டும். மறக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன்: பிள்ளையின் பிறந்தநாள் வரும் மாதத்தில் தாயின் சோதனை. பிள்ளைக்குக் கேக் வெட்டுகிறோம். தாய்க்கு ஒரு சொட்டு இரத்தம் பார்ப்போம். போகும்போது, "எனக்குக் கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருந்தது, ஈரலையும் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். ஈரலுக்கான இரத்தச் சோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், எல்லாம் டாக்டர் முடிவு செய்வார்.

அடுத்த பிள்ளைக்குத் திட்டம் போடுகிறவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே சோதனை செய்வது மிக முக்கியம். பிள்ளையின் இருதயமும் முதுகுத்தண்டும் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடும். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தாய்க்குத் தெரியும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். அந்த நேரத்தில் தாயின் சீனி கட்டுக்கு அடங்காமல் இருந்தால் பிள்ளைக்கு ஊனம் ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

"ஒரு நாள் கூலி போகுமே?"

நியாயமான கேள்வி. தோட்டத்தில் பல சோதனைகள் இதனால்தான் தவறிப் போகின்றன. ஆனால் ஆறாம் வாரச் சோதனைக்கு இந்தக் கவலை வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஆறாவது வாரம் என்பது 42ஆம் நாள். விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகிறது! அரசாங்க கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான்.

வருஷாந்தரச் சோதனைக்குப் போகும் நாளில் கிளினிக்கில் நேரச் சீட்டு கேட்டு வாங்கி வாருங்கள். மண்டோரிடமும் ஆபீசிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதிலே சிக்கல் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காமல் சங்கக் கிளைக்குத் தெரியப்படுத்துங்கள். கிளைத் தலைவர்கள், மாதர் பகுதிப் பொறுப்பாளர்கள், யார் வீட்டில் பிரசவம் என்று கேட்டறிந்து ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தினால் பெரிய புண்ணியம்.

வராமல் தடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் வாசற்படியில் நின்ற மக்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2002ல் வெளிவந்தது. உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். இனிப்பு நீர் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. முன்பு கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்த பெண்களுக்கும் பாதியளவு குறைந்தது. 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 7 பங்கு என்பது சுமார் 5 கிலோ. மூன்றரை கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்புக் கரையத் தொடங்கும். பத்துப் பங்கு குறைத்தவர்களில் பலருக்கு ஈரலில் விழுந்த தழும்பும் குறைந்திருக்கிறது. இப்போதைக்குக் கொழுப்பு ஈரலுக்கு முதல் வைத்தியம் இதுதான்.

தட்டு: சுகாதார அமைச்சு 'சூக்கு-சூக்கு-செப்பாரோ' என்று ஒரு கணக்குச் சொல்கிறது. நம் சுக்குக் கஷாயம் என்று நினைத்துவிடாதீர்கள்! மலாயில் சூக்கு என்றால் கால் பங்கு, செப்பாரோ என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, கோழி, தௌஹு அல்லது பருப்பு. மீதிப் பாதி காய்கறியும் பழமும். கெம்போங் மீன் போதும், விலை உயர்ந்த மீன் வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் வளரும் கீரை, வெண்டைக்காய், பயத்தங்காய் போதும். நம் வீடுகளில் சோறு தட்டில் மலையாகவும் காய்கறி ஓரத்தில் ஊறுகாய் போலவும் இருக்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள்.

குடிக்கும் தண்ணீர்: டின்னில் வரும் கெட்டிப் பாலில் பாதிக்கு மேல் சீனி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தே தாரிக் குடித்தால் சோற்றைக் குறைத்தும் பயனில்லை. கோப்பி ஓ கோசோங் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். பிறகு நாக்கு பழகிவிடும். பாட்டில் பானங்களை வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தைகளுக்கும் அதுவே நல்லது. அந்தப் பிள்ளைகளுக்கும் பிற்காலத்தில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு அதிகம்.

நடை: "நாள் முழுக்கக் காட்டுல குனிஞ்சி நிமிர்ற எங்களுக்கு நடையா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேலைக்குப் போகிற நாளில் உங்கள் உடம்பு போதுமான அளவு அசைகிறது, ஒத்துக்கொள்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்கள், பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டவர்கள், தொழிற்சாலையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், இவர்களைத்தான் சொல்கிறேன். வேலை குறைந்துவிட்டது, சோறு மட்டும் பழைய மரம் வெட்டிய காலத்து அளவிலேயே இருக்கிறது. தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

தாய்ப்பால்: பிள்ளைக்கு ஆகாரம், தாய்க்கு மருந்து. மாதக்கணக்கில் தாய்ப்பால் கொடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இனிப்பு நீர் வருவது குறைவாக இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இடுப்பு அளவு: தராசு இல்லாத வீட்டிலும் தையல் நாடா இருக்கும். தொப்புளை ஒட்டிச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செண்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை.

மாமியார்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிரசவித்த பெண்ணைக் கவனிப்பதில் உங்களுக்கு நிகர் யாரும் இல்லை. பூண்டு, மிளகு, மீன் குழம்பு எல்லாம் கொடுங்கள். ஆனால் 'உடம்பு தேறணும்' என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய மருந்துக் காயத்தைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது, மால்ட் மாவில் கெட்டிப் பால் ஊற்றிக் கொடுப்பது, குளிருக்கு என்று பிராந்தியோ ஸ்டவுட்டோ கொடுப்பது, இவை மூன்றும் இந்தத் தாய்க்கு வேண்டாம். கருப்பட்டியும் சீனிதான். பிராந்தி ஈரலுக்கும் ஆகாது, பால் குடிக்கும் பிள்ளைக்கும் ஆகாது.

'ஈரலைச் சுத்தம் செய்யும்' என்று விற்கிற பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பிப் பணத்தை இறைக்காதீர்கள். அவற்றில் சில ஈரலையே கெடுத்திருக்கின்றன. டாக்டர் மாத்திரை கொடுத்தால் அதை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கணவன்மார்களே, உங்கள் மனைவி தனியாகப் பத்தியச் சோறு சாப்பிட, நீங்கள் எதிரில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டால் எத்தனை நாள் அவர் தாங்குவார்? வீட்டில் ஒரே சமையல் இருக்கட்டும். உங்கள் இடுப்பையும் ஒரு தரம் அளந்து பாருங்கள்.

அந்தப் பெண்மணி என்ன ஆனார்?

காகிதத்தை வீட்டுக்காரரிடம் நானே விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாமப் போச்சுங்கய்யா. நானும் சேர்ந்தே நடக்கிறேன்" என்றார். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் செம்மண் ரோட்டில் நடந்து போவதை லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஓராண்டில் அம்மா ஐந்து கிலோ குறைந்திருக்கிறார். ஈரல் சோதனை முன்னைவிட நன்றாக இருக்கிறது. சீனி கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரை மட்டும் இன்னும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்பே சோதித்திருந்தால் அந்த மாத்திரையும் ஒருவேளை தேவைப்பட்டிருக்காது.

இதைப் படித்து முடித்ததும் யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைவி, மகள், மருமகள், தங்கை, பக்கத்து வீட்டுப் பெண், யாருக்காவது கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருந்ததா? இருந்தால் இன்றே கேளுங்கள்: "கடைசியா எப்ப சோதிச்ச?"

பிள்ளைக்கு எத்தனை வயதாகியிருந்தாலும் பரவாயில்லை. நாளைக்கே போகச் சொல்லுங்கள்.